தலைகீழாக மாட்டிய ஊர்

மாரெட்பள்ளியில் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. ஸ்பெயினில் ஓர் ஆற்றங்கரைச் சிற்றூர். மூன்று வளைவுகளோடு கல்பாலம், அதையொட்டித் தண்ணீரால் சுழலும் மாவு ஆலை, சரிவில் ஓட்டு வீடுகள், உச்சியில் தேவாலயத்தின் மணிக்கூண்டு. அதிகம் அசையாத ஆற்றில் அத்தனையும் இன்னொரு முறை. வருகிறவர்கள் அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, மேலே இருந்த மணிக்கூண்டு லேசாக நெளிவதைக் கண்டேன். கீழே கவிழ்ந்திருந்ததுதான் தெளிவாக இருந்தது.

"சித்தி, படம் தலைகீழா இருக்கு."

சித்தி அந்த ஊர்க்காரி. சனத்நகர்த் தொழிற்சாலை ஒன்றிலிருந்து பயிற்சிக்குப் போன சித்தப்பா அங்கே அவரை மணந்து அழைத்துவந்தார். எங்கள் வீட்டுத் தமிழையும் தெருவின் உருதுவையும் சேர்த்தே கற்றவர். "மாட்டின அன்னிக்கே தெரியும்டா. உங்க சித்தப்பா வேலை. பர்சோ திருப்பலாம்னு விட்டேன். அதுக்குள்ள அணை கட்டி ஊரைத் தண்ணி மூடிடுச்சு. இப்ப நக்கோ, வேணாம். தண்ணி மேல, ஊர் கீழ. இப்ப இதான் சரி."

எங்கள் ஊர்ப் பேச்சில் பர்சோ என்றால் முந்தாநாள். பத்து வருடத்துக்கு முந்தியதும் அதுதான். நாளை மறுநாளும் அதுவே. எதற்கும் தேதி கேட்கிற எனக்கு அந்தச் சொல் ஆகாது. ஊர் எப்போது முழுகியது? பர்சோ. எப்போது போய்ப் பார்ப்பீர்கள்? பர்சோ. பின்னாளில் புத்தகங்களைத் தேடி, பாலம் கட்டிய ஆண்டையும் அணை நிறைந்த மாதத்தையும் கண்டுபிடித்துச் சொன்னேன். சித்தி காதிலேயே வாங்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: அம்மாவின் கல்லறை. கல்லறைகளையெல்லாம் மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று அவருடைய தம்பி தொலைபேசியில் சொல்லியிருந்தார். "ரொம்ப வேகமா சொன்னான்டா" என்பார் சித்தி. எங்கள் ஊர்க் கண்டிப்பேட்டை ஏரி வற்றுகிறது என்று செய்தி வந்தால் என்னைக் கூப்பிடுவார். "அங்க வத்துதா பாரு. வத்தினா படத்தை நிமித்திடு."

வற்றவில்லை. சித்தி இறந்துபோனார்.

இந்தக் கோடையில் வற்றியது. சித்தியின் தம்பி மகள் காணொளி அனுப்பினாள். பாலம் நின்றது. ஆலைக்குச் சுவர் மட்டும் மிச்சம். மணிக்கூண்டு இல்லை. தெருக்களில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. சரிவில் கல்லறைத் தோட்டத்தின் மதில். உள்ளே தரை முழுக்க ஒரே சிமென்ட் தளம். யாரையும் எடுக்கவில்லை, மேலே மூடிவிட்டார்கள் என்றாள்.

சித்தி சொன்னபடி படத்தை நிமிர்த்தி மாட்டினேன். சித்தப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ அம்மா?"

"அங்கயேதான் இருக்காங்க, சித்தப்பா."

"தண்ணி திரும்ப எப்ப வரும்?"

அந்த நதியின் மழைக்காலம் எனக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"பர்சோ."

சித்தப்பா தலையாட்டினார். "அப்ப பழையபடியே மாட்டுடா. அவங்கல்லாம் கீழதான இருக்காங்க."

திருப்பி மாட்டினேன். மேலே மணிக்கூண்டு மறுபடி நெளிந்தது.