தாடி நெத்தியில இருந்த தாத்தா

தெருவுல துணி காயப்போட்டிருக்கறதப் பாத்தே அந்த ஊட்டுக்காரங்க கோயிலுக்குப் போறவங்களா சர்ச்சுக்குப் போறவங்களான்னு உங்களால சொல்ல முடியுமா? முடியாதில்ல? எங்கம்மாவால முடியும். அதாவது, முடியும்னு அது நெனச்சுக்கிச்சு. இந்த வருஷ கிறிஸ்துமஸ் பூரா அதுலதான் மாட்டிக்கிச்சு.

ப்ரௌசிங் சென்டர்ல உக்காந்து அடிக்கறேன். கரண்ட் எப்ப வேணா போகும், அதனால சுத்தி வளைக்காம சொல்லிர்றேன். தப்பு இருந்தா கண்டுக்காதீங்க.

நாங்க பொழைக்க வந்த குடும்பம். அப்பா அம்மாவுக்கு சொந்த ஊரு தூத்துக்குடி பக்கம். நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப திருப்பூர் வந்தோம். அவங்க ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் தெக்கத்தித் தமிழ்தான் பேசுவாங்க. நான் இந்த ஊரு ஆளாவே ஆயிட்டேன். அப்பா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில செக்கிங் இன்சார்ஜ். தச்சு வர்ற பனியன்ல ஓட்டை, கறை, பிரிண்ட் கோளாறு இருந்தா ரிஜெக்ட் பண்ணித் தூக்கிப் போடற வேலை. அம்மா இன்னொரு யூனிட்ல ஓவர்லாக் டெய்லர்.

இத்தன வருஷமா வாடகை ஊட்லதான் இருந்தோம். டவுனுக்குள்ள, சர்ச்சுக்கு நாலு ஊடு தள்ளி. இந்த வருஷம் அப்பா காங்கேயம் ரோட்டுல, நல்லூர் தாண்டி உள்ள ஒரு சந்துல சொந்தமா ஒரு ஊடு வாங்கிட்டாரு. ரெண்டு ரூம், ஒரு மொட்டை மாடி. அம்மாவுக்கு சுத்தமா இஷ்டமில்ல. ஊடு புடிக்கலைன்னு இல்ல. "அங்க நம்மாளுவ யாரு இருக்கா? கிறிஸ்துமஸ் அன்னைக்கு நம்ம வீட்டுப் படி ஏறுறதுக்கு ஆளு வேண்டாமா?" இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

அதுக்குக் காரணம் இருக்கு. திருப்பூர் வந்த மொத வருஷம், யாரையும் தெரியாது, அம்மா பாட்டுக்கு ஊர்ல சுடற கணக்குக்கு முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட்டு ரெண்டு வாளி நெறைய வெச்சிருச்சு. ஒரு ஈ காக்கா வரல. ஜனவரி பாதி வரைக்கும் நானும் அப்பாவும் காலைல முறுக்கு, மத்தியானம் முறுக்குன்னு தின்னோம். எனக்கு அது ஜாலி. ஆனா கிறிஸ்துமஸ் அன்னைக்கு சாயங்காலம் அம்மா புதுச் சேலையோட வாளிப் பக்கத்துல உக்காந்திருந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. அப்படி இன்னொரு தடவை உக்காரக் கூடாது. அது ஒண்ணுதான் அதோட கண்டிஷன்.

நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழம அப்பா வண்டில ஏத்திட்டுப் போயி தெருவக் காட்டியிருக்காரு. திருப்பூர்ல ஞாயித்துக்கிழமன்னா தெரியுமில்ல, ஊரே தொவைக்கும். அன்னைக்கு ராத்திரி நான் தங்கிப் படிக்கற காலேஜ் ஹாஸ்டலுக்கு போன் வருது. "ஏட்டி! எல்லா வீட்டு மாடியிலயும் கிறிஸ்துமஸ் தாத்தா படம் போட்ட பனியன் காயுது! வண்டியில இருந்தே எண்ணிப் பாத்தேன், பதினோரு வீடு! டிசம்பரே பொறக்கல, அதுக்குள்ள போட ஆரம்பிச்சிட்டாவ. நம்மள விட பக்தியான ஆளுவட்டி!"

நானும் சூப்பர்மான்னு சொல்லிட்டு வெச்சிட்டேன். நமக்கென்ன.

டிசம்பர் பதினஞ்சுக்கு மேல குடி போனாங்க. ஆனா அம்மா பழைய ஊட்டு சாவிய மட்டும் குடுக்கல. புது ஊட்ல வாசல்கிட்ட ஒரு ஆணி அடிச்சு அதுல மாட்டி வெச்சுக்கிச்சு. "கிறிஸ்துமஸ் எப்படிப் போவுதுன்னு பாத்துட்டுக் குடுக்கேன்." பழைய ஊட்டு ஓனரும் வருஷக் கடைசி வரைக்கும் டைம் குடுத்துட்டாரு. புடிக்கலைன்னா திரும்பப் போயிரும், அதான் பிளான். அப்பா தெனமும் அந்த ஆணிய பயந்து பயந்து பாத்துட்டு வேலைக்குப் போயிட்டு இருந்திருக்காரு.

இருவத்திமூணாந்தேதி மத்தியானம் நான் பேக்கோட நல்லூர்ல எறங்கி உள்ள நடந்து வர்றேன். தெரு பூரா நிட்டிங் மிஷின் சத்தம். எங்க ஊட்டுக்கு எதுத்தாப்ல ஒரு அண்ணன் நிக்கறாரு. கருப்பு வேட்டி, கழுத்துல மாலை, நெத்தி நெறைய திருநீறு. சபரிமலைக்கு மாலை போட்ட சாமி. மேல கருநீல டீ-ஷர்ட். டீ-ஷர்ட்ல கிறிஸ்துமஸ் தாத்தா.

அந்தத் தாத்தாவுக்கு தாடி நெத்தில இருந்துச்சு.

சத்தியமா. வெள்ளை கலர் மட்டும் ஒரு சாண் மேல ஏறிப் போச்சு. தாடி கண்ண மூடிட்டு நெத்தில படுத்திருக்கு. தொப்பில தொங்க வேண்டிய குஞ்சம் தனியா காலருக்குப் பக்கத்துல மெதக்குது. தாடை வழுவழுன்னு ஷேவ் பண்ணுன மாதிரி.

"ஏனுங் கண்ணு, புது ஊட்டுக்காரரு புள்ளைங்களா?"

"ஆமாங்க."

"அப்பா மாடில ஸ்டார் கட்டிட்டு இருக்கறாருங்க. என்ன வேணும்னாலும் கூப்புடுங்க கண்ணு, நாங்கெல்லாம் இங்கயேதான இருக்கறோம்."

எனக்கு லேசா டவுட் வந்துச்சு. பேக்கைக் கூட எறக்காம மாடிக்கு ஓடுனேன். மேல நின்னு பாத்தா அக்கம்பக்கத்து மாடி பூரா அதே தாத்தா. எல்லாருக்கும் நெத்தில தாடி. கீழ வாசலுக்கு வாசல் மார்கழிக் கோலம், நடுவுல பூசணிப்பூ.

"அப்பா, இந்தத் தெருவுல எத்தன ஊடு நம்மாளுங்க?"

அப்பா ஸ்டாருக்கு வொயர் சுத்திக்கிட்டே, "நம்மளச் சேத்தா?"ன்னாரு.

"சேத்து."

"ஒண்ணு."

நான் அப்படியே தண்ணித் தொட்டி மேல உக்காந்துட்டேன். மேட்டர் என்னன்னா, அந்த டீ-ஷர்ட் லாட்ட ரிஜெக்ட் பண்ணுனதே எங்கப்பாதான். வெளிநாட்டு ஆர்டர், கிறிஸ்துமஸுக்குன்னு ஆடி மாசத்துலயே தச்சது. பிரிண்டிங்ல வெள்ளை ஸ்க்ரீன் நகந்து போயி தாடி மேல ஏறிருச்சு. மொத்த லாட்டும் செகண்ட்ஸ்னு கழிச்சு கிலோ கணக்குல வெலைக்குப் போச்சு. அதை எடுத்தவரு எதுத்த ஊட்டு அண்ணன். அவருக்கு அதான் தொழில். தெருவுக்கே குடுத்திருக்காரு. "பக்கத்துல ஒரு ஊடு வெலைக்கு வருதுங்க"ன்னு அப்பாகிட்ட சொன்னதும் அவரேதான்.

"அப்ப அம்மாட்ட பொய் சொன்னீங்களா?"

"பொய்யெல்லாம் சொல்லல மக்கா. 'இம்புட்டு பேரும் நம்மாளுவளா'ன்னு அவதான் கேட்டா. நான் 'பாத்தா தெரியல?'ன்னு மட்டும்தான் சொன்னேன்."

"அம்மாக்கு இன்னும் தெரியாதா?"

"காலைல ஏழரைக்கு வேன் ஏறுதா. ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி ஒம்பதுக்கு எறங்குதா. தெருவுல யாரு மூஞ்சியப் பாத்தா, எந்தக் கோலத்தப் பாத்தா? நீ சும்ம கெட மக்கா. கிறிஸ்துமஸ் முடிஞ்சு சாவியக் குடுத்துரட்டும், பொறவு நானே பக்குவமா சொல்லுதேன்."

பக்குவமாவாம்.

மறுநா அம்மாவுக்கு லீவு. விடிஞ்சதுல இருந்து எண்ணெச் சட்டி முன்னாடிதான். அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, தட்டை. வாளி ரெண்டில்ல, மூணு. அப்பா சும்மா இல்லாம, "இன்னைக்கே அந்தச் சாவிய ஒரு எட்டு குடுத்துட்டு வந்துரட்டா?"ன்னாரு. அம்மா கரண்டியோட திரும்பிப் பாத்து, "எதுக்கு இப்பம் அவசரப்படுதிய?"ன்னுச்சு. அப்பா உடனே ஸ்டாரப் பாக்க மாடிக்குப் போயிட்டாரு. அந்த ரெண்டு நாளும் எதுன்னாலும் அவரு ஸ்டாரப் பாக்கத்தான் போவாரு.

அப்பறம் அம்மா எனக்கு ஒரு வேலை குடுத்துச்சு பாருங்க. "ஏட்டி, எனக்கு அடுப்ப விட்டு நவுர முடியாது. நீ போயி பதினோரு வீட்டுலயும் சொல்லிட்டு வா. காலையில ஆராதனை முடிஞ்சு ஒம்பது மணிக்கு எல்லாரும் நம்ம வீட்டுக்கு வரணும். பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, ஒண்ணா சாப்புடுவோம்."

சொல்லாம விட்டா யாரும் வர மாட்டாங்க. சொன்னாலும் எப்படி வருவாங்க? சரி, ஆனது ஆகட்டும்னு ஒவ்வொரு ஊடாப் போனேன். எல்லா ஊட்லயும் காலண்டர்ல முருகன். ஜெபம்ங்கற வார்த்தைய நல்லா அழுத்திச் சொன்னேன், வராதவங்க இப்பவே சொல்லிரட்டும்னு. இந்த ஊர்க்காரங்க மரியாதை இருக்கே, அதுல ஒருத்தர்கிட்ட இருந்தும் 'இல்லை'ங்கற வார்த்தைய வாங்க முடியாது. "ஆகட்டுங் கண்ணு." "வந்தர்றோம்ங் கண்ணு." "சொல்லிட்டீங்கல்ல, வராம இருப்பமுங்களா?" பதினோரு ஊட்லயும் இதே பதில். ஒரு ஊட்ல காப்பி வேற. நிஜமா வருவாங்களா, வாய் வார்த்தைக்கு சொல்றாங்களான்னு ஒரு எழவும் புரியல.

கிறிஸ்துமஸ் அன்னைக்கு காலைல நாலரை மணி ஆராதனை. பழைய சர்ச்சுதான். முடிஞ்சு வெளிய வந்ததும் அம்மா பழைய தெரு ஆளுங்ககிட்ட ஒரே சீன். "எங்க தெருவுல பதினோரு வீடு நம்மாளுவதான்! இன்னைக்கு எல்லாரும் நம்ம வீட்டுலதான்!" அப்பா அப்படியே நைசா செருப்புத் தேடற மாதிரி குனிஞ்சுட்டாரு. செருப்பு கால்லயேதான் இருந்துச்சு.

ஒம்பது மணி. ஜமுக்காளம் விரிச்சாச்சு. தட்டெல்லாம் ரெடி. அம்மா புதுச் சேலை கட்டி வாசலப் பாத்து உக்காந்திருக்கு. ஒம்பதே கால். யாரும் வரல. ஒம்பதரை. அம்மா சும்மா வாளி மூடியத் தொறந்து தொறந்து மூடுது. நான் அப்பாவ மொறைக்கறேன். அப்பா ஆணிய மொறைக்கறாரு.

அப்பத்தான் தெருவுல சத்தம். எட்டிப் பாத்தா, முப்பது முப்பத்தஞ்சு பேரு, மொத்தமா ஒரே கூட்டமா வர்றாங்க. அத்தன பேரும் அந்தத் தாத்தா டீ-ஷர்ட்ல. பொம்பளைங்க சேலைக்கு மேலயே மாட்டியிருந்தாங்க. எதுத்த ஊட்டு அண்ணன் தலைவர் மாதிரி முன்னாடி, கருப்பு வேட்டியோட. கூடவே அவரு சம்சாரம், எதுத்த ஊட்டு அக்கா, கைல பெரிய தாம்பாளம். தேங்காய், பழம், வெத்தலை பாக்கு, மஞ்சள், குங்குமம்.

"மன்னிச்சுக்கோங்க்கா, லேட்டாயிருச்சுங்க"ன்னு அக்கா சொல்லுச்சு. "கிறிஸ்துமஸ் ஊட்டுக்கு இதத்தான் போட்டுட்டுப் போகோணும்னு இவரு கறாராச் சொல்லிட்டாரு. நாலஞ்சு பேருது ஈரமா இருந்துச்சு. அயர்ன் பண்ணிக் காய வெச்சுப் போட்டுட்டு வந்தோம்ங்க."

அம்மா எந்திரிச்சு வாசலுக்கு வந்துச்சு. மொத ஆளு நெத்தியப் பாத்துச்சு. திருநீறு. ரெண்டாவது ஆளு. குங்குமம். மூணாவது. நாலாவது. அப்படியே கண்ணு எறங்கி டீ-ஷர்ட்டுக்கு வந்துச்சு. அங்கயும் நெத்தி. அதுல தாடி.

பத்துப் பன்னெண்டு வருஷமா பனியன் தச்ச பொம்பளைங்க அது. ஒரு செகண்டு போதும்.

"இந்தத் தாடி என்ன இங்க இருக்கு?"

அண்ணன் ரொம்ப சந்தோசமா, "அதுங்களா? உங்க ஊட்டுக்காரரு ரிஜெக்ட் பண்ணுன லாட்டுங்கக்கா! பிரிண்டு போயிருச்சுங்க, ஆனா துணி தங்கமுங்க. அவரு புண்ணியத்துலதான் எங்க தெருவே உடுத்துதுங்க!"

நான் திரும்பறதுக்குள்ள அப்பா மாடிப்படில பாதி ஏறிட்டாரு.

அம்மா எங்க கத்திருமோன்னு நான் கண்ண மூடிட்டேன். அம்மா கத்தல. தாம்பாளத்த ரெண்டு கையிலயும் வாங்குச்சு. "உள்ள வாங்க, எல்லாரும் உக்காருங்க"ன்னுச்சு. உக்காந்தாங்க. ஊடு பத்தல, பாதிப் பேரு வாசல்ல. பாட்டுன்னு சொல்லிக் கூப்ட்டாச்சு, என்ன பண்றது, அம்மா தொண்டையச் செருமிட்டு தனியா ஒரு கீர்த்தனையோட மொத வரியப் பாடுச்சு.

அப்பத்தான் அது நடந்துச்சு. எதுத்த ஊட்டு அண்ணன் மாலை போட்டதுல இருந்து தெனம் பஜனைக்குப் போற ஆளு. ஒருத்தர் ஒரு வரி பாடுனா, மத்தவங்க அதையே திருப்பிப் பாடோணும், அதுதான் அவருக்குத் தெரிஞ்ச ரூல். அம்மா வரிய முடிச்சதுதான் தாமதம், அண்ணன் கைதட்டி அதே வரிய உச்சத்துல எடுத்துட்டாரு. பின்னாடி முப்பது பேரும் சேந்துட்டாங்க. வாசல்ல ஒருத்தர் இடுப்புல இருந்து ஜால்ராவே எடுத்துட்டாரு. அம்மா மெரண்டு போயி ரெண்டாவது வரி பாடுச்சு. அதுவும் திரும்பி வந்துச்சு, இன்னும் ஸ்பீடா. மூணாவது வரில அம்மாவும் கைதட்ட ஆரம்பிச்சிருச்சு. சர்ச்ல எங்க கொயர் பாடறப்ப பாதிப் பேரு தூங்குவாங்க. இங்க மாடி வரைக்கும் அதிருது. ஸ்டார் ஆடுதுன்னு அப்பாவே எறங்கி வந்துட்டாரு.

மூணு வாளியும் காலி. தட்டுல வெச்சுக் குடுத்ததுல ஒரு தட்டு கூட சும்மா திரும்பி வரல. ஒண்ணுல ஊத்துக்குளி வெண்ணெய், ஒண்ணுல ஒப்புட்டு, ஒண்ணுல அரைப்படி தட்டப்பயிறு.

ஆனா அம்மா அப்பாகூட பேசறத நிப்பாட்டிருச்சு. "ஏட்டி, 'பாத்தா தெரியல' சார் வந்தா சோறு எடுத்துப் போட்டுக்கச் சொல்லு." மூணு நாளா இதான் பேரு. சாவியும் ஆணியிலயேதான் தொங்குச்சு. நானும் அப்பாவும் சோத்த முழுங்கறதும் ஆணியப் பாக்கறதுமா இருந்தோம்.

இன்னைக்கு மத்தியானம் எதுத்த ஊட்டு அக்கா அச்சு முறுக்கு அச்சு எரவல் கேட்டு வந்துச்சு. அம்மா அச்ச எடுத்துக் குடுத்துட்டு, சடார்னு கேட்டுருச்சு. "நீங்க நம்மாளுவ இல்லன்னு எம்புள்ள வந்து கூப்புட்ட அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

அக்காவுக்கு கேள்வியே புரியல. "ஊட்டுக்கு வாங்கன்னு சொன்னீங்க, வந்தோம். அதுல என்னுங்க்கா இருக்குது? பொங்கலுக்கு நீங்க வர மாட்டீங்களா?"

அம்மா முந்தானைய உதறி இடுப்புல சொருகிக்கிச்சு. அப்பறம், "இந்த அச்சுக்கு மாவு பதம் நான் வந்து காட்டுனாத்தான் வரும். ஆனா அதுக்கு முன்னால டவுன்ல ஒரு சோலி இருக்கு, உங்க வண்டி சும்மாவா நிக்கி?"ன்னு கேட்டுச்சு. நான் நைசா எந்திரிச்சு இங்க வந்துட்டேன்.

இப்ப மணி நாலு பத்து. ரெண்டு பேரும் ஸ்கூட்டில இந்த ப்ரௌசிங் சென்டரத் தாண்டிப் போறாங்க, பின்னாடி உக்காந்திருக்கற அம்மா கையில பழைய ஊட்டு சாவி இருக்கு.