சிலந்திக் கொப்புளம்

குசினியில் அடுப்புக்கு மேலே சுவரில் நின்ற சிலந்தியை அடிக்கத் தும்புத்தடியை எடுத்தேன். "பாவம் அப்பா, அது ஒண்டும் செய்யாது. ரீச்சர் சொன்னவா" என்று மகள் தடுத்தாள்.

சின்ன வயதில், உடையார்கட்டுக் கிராமத்தில், என் இடுப்பில் வரிசையாகக் கொப்புளங்கள் வந்தன. "சிலந்தி மூத்திரம் பெய்திட்டுது. சுத்தி வந்து ரெண்டு முனையும் முட்டினால் ஆள் தப்பாது" என்றார் சின்னம்மா.

"அப்ப இவன்ரை சைக்கிள் எனக்கு" என்றான் அண்ணன்.

முதுகுப் பக்கம் எனக்குத் தெரியவில்லை. "அம்மா, பின்னாலை முட்டிட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "இல்லையடா" என்றார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். சோறு இறங்கவில்லை. கொப்புளங்கள் காய்ந்துவிட்டன. பயம் போகவில்லை.

"ஓம், ஒண்டும் செய்யாது" என்று மகளிடம் சொல்லித் தடியை வைத்தேன். அவள் இடுப்பைச் சொறிந்தாள்.

"திரும்பு பிள்ளை, முதுகைப் பாப்பம்" என்றேன்.