பேராசிரியரை அடிமை என்றவள்

தெனெங் பாஜி, காம்பியாவில் ஒரு பெண்கள் சிறையில் காவலர். நாற்பத்து மூன்று வயதில், காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் மாலை வகுப்புக்கு வந்து, மனித உரிமையும் சர்வதேச அரசியலும் முதுகலை படித்தாள். "ஆளுங்களப் பூட்டிட்டு வந்து உரிமை படிக்கிறியாக்கும்!" என்று முதல் நாளே வம்புக்கு இழுத்தேன். "படிக்காமப் பூட்டுறதுதாண்டி தப்பு," என்றாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே பெஞ்ச்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டாள். மூன்றாவதிலும் கவிழ்ந்தால் படிப்பே போச்சு, மூன்று வருடத் தூக்கமும் போச்சு. இரண்டு முறையும் கவிழ்த்தவர் பேராசிரியர் ஜூஃப். சிரித்தே பார்க்காத மனிதர். இந்த முறை அவர் பக்கத்தில் நைரோபியிலிருந்து வந்த வெளித் தேர்வாளர் டாக்டர் வஞ்சாலா அம்மா வேறு.

ஜூஃப் ஏட்டைப் புரட்டினார். "நூத்தி இருபது பக்கமும் ஒப்பந்தம், தீர்மானம். உங்க சிறை எங்கம்மா?"

தெனெங் இன்னொரு ஒப்பந்தத்தின் பெயரைச் சொன்னாள். அவர் விடவில்லை, மேசையைத் தட்டி மறுபடி கேட்டார். பயத்தில் அவளுக்குப் பழக்கதோஷம் முந்திக்கொண்டது.

"ஏய் அடிமை, எஜமானிகிட்ட இப்படியா கத்துவ?"

வஞ்சாலாவின் பேனா கீழே விழுந்தது. பின்வரிசையில் எனக்கு உயிரே போய்விட்டது. தெனெங் ஜோலா இனம், ஜூஃப் செரேர் இனம். எங்கள் காம்பியாவில் அவர்கள் கேலி முறைக்காரர்கள். சாவு வீட்டில் பார்த்தாலும் ஒருவரையொருவர் அடிமை என்பார்கள், யாரும் கோபப்படக்கூடாது. அதற்காகத் தேர்வு மேசையிலா!

ஜூஃபின் உதடு துடித்தது. "யாரு அடிமை? சோத்துச்சட்டி! உங்க தாத்தாவ எங்க தாத்தா ரெண்டு மீனுக்கு வாங்குனாரு!"

"அந்த மீனே எங்க வீட்டுல திருடுனதுதானே!"

அவருடைய பல்லை அன்றுதான் பார்த்தேன்.

"நிறுத்துங்க," என்றார் வஞ்சாலா. "மனித உரிமைத் தேர்வுல என்ன பேச்சு இது?"

தெனெங்குக்கு இப்போது மூச்சு வந்துவிட்டது. "இதுதாம்மா எங்க சிறை. ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டா நான் தடியத் தேடமாட்டேன். அவங்களுக்குக் கேலி முறைக்காரி யாருன்னு தேடுவேன். அவ வந்து ரெண்டு பேரையும் கிழிகிழின்னு கிழிப்பா. முறைக்காரி சொன்னாத் தட்டமுடியாது. நாலு வருஷமா நான் யாரையும் தனியறையில போட்டதில்ல."

"இது ஏன் ஏட்டுல இல்ல?"

"இதுவும் படிப்புன்னு யாரும் சொல்லலியேம்மா."

ஜூஃப் பேனாவை மூடினார். "நான் மார்க் போடமாட்டேன். போன ரெண்டு தடவை இவ கேலி முறைய எடுக்கல, இன்னிக்கு எடுத்துட்டா. இனி என் தீர்ப்பு நடுநிலை இல்ல. நீங்களே போடுங்க."

வஞ்சாலா வெகுநேரம் எழுதினார்.

"பாஸ். ஒரு மாசத்துல இதை ஒரு அத்தியாயமா எழுதிச் சேர்க்கணும்."

தெனெங் காக்கிச் சட்டைக் கையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

ஒரு மாதத்தில் எழுதிக் கொடுத்தாள். நன்றியுரையின் முதல் வரி, 'என் அடிமை பேராசிரியர் ஜூஃபுக்கு.' ஏடு திரும்பி வந்தது. அதில் ஒரே ஒரு திருத்தம்தான். ஜூஃப் 'அடிமை'யைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, மேலே 'எஜமானர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.