பையில் போட்ட ஓட்டாஞ்சில்லு

துபாயில் வேலை பார்க்கும் என் கணவர் லீவுக்கு என்னைக் கிரீஸுக்கு அழைத்துப்போனார். கடலோர ஊர் ஒன்றில் இடிந்துகிடந்த பழங்கோயிலைச் சுற்றிப் பார்க்கையில், ஓட்டாஞ்சில்லு ஒன்றைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் பெரியபட்டினத்தில் மழை பெய்தால் தோப்பெங்கும் பழைய பானை ஓடுதான்; எடுத்தால் யாரும் கேட்பதில்லை.

அதன்பிறகு தொப்பி போட்ட ஒருவர் எங்களை விடாமல் பின்தொடர்ந்தார். நாங்கள் நின்றால் அவரும் நின்றார். கண் என் பைமேலேயே இருந்தது.

"மச்சான், பைய அடிக்கத்தான் வாரான். வெரசா நடங்க!" என்றேன்.

வாசலில் மறித்துவிட்டார். பையை இறுக்கிக்கொண்டேன். அவரோ அந்தப் பழங்கோயிலின் காவலாளி என்ற அட்டையைக் காட்டி, பையைத் திறக்கச் சொன்னார். சில்லு வெளியே வந்தது.

"யாரு திருடன்னு இப்பத் தெரியுதா புள்ள?" என்றார் கணவர்.

மன்னிப்புக் கேட்டு, எடுத்த இடத்திலேயே வைத்ததால் போலீஸ் வராமல் தப்பினேன். இப்போதெல்லாம் எங்கள் தோப்பில் வெளியூர்க்காரர் யாராவது குனிந்தால், நானும் விடாமல் பின்னாலேயே போகிறேன்.