வோல்ரசுக்கு எண்ணெய்க் காப்பு

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த காலத்தில், எனக்கு ஒரு சிற்பக் கடையில் வேலை கிடைத்தது. வட துருவப் பக்கத்து இனுவிற் மக்கள் செதுக்கிய கல் சிற்பங்களை விற்கும் கடை. தூசி தட்டுவதும் பொதி கட்டுவதும் என் பாடு. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவேன் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். அதற்கு முன் டோனற் என்கிற இனிப்பு வடை சுடும் தொழிற்சாலையில் நின்று நின்று கால் வீங்கியவள் நான். இந்த வேலை போனால் திரும்பவும் அங்கேதான் என்ற பயம் என்னை விடவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாவற்றையும் மாக்கல் என்றே சொல்வார்கள். எனக்கு அது எரிச்சல். மாக்கல் சாம்பல் நிறம், நகத்தால் கீறினாலே கோடு விழும். சேர்பன்ரைன் என்கிற பச்சைக் கல் கடினமானது. தேய்க்கத் தேய்க்கக் கறுத்து மினுங்கும். மாபிள் என்கிற வெள்ளைப் பளிங்குதான் எல்லாவற்றிலும் செல்லம். எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாலும் உள்ளே இறங்கிவிடும், பிறகு அழுதாலும் போகாது. அதைத் தொடும்போது கையுறை போட வேண்டும் என்று முதலாளியம்மா தலையில் குட்டாத குறையாகச் சொல்லித் தந்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை கடையின் பின்னறையில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. சிற்பங்களை வேலைக்காரர் நாங்கள் ஆளுக்கு இரண்டாக வீட்டுக்குக் கொண்டுபோய்த் திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்றார் முதலாளியம்மா. எனக்கு வாய்த்தவை பச்சைக் கல்லில் ஒரு வோல்ரசும் வெள்ளை மாபிளில் ஒரு பறவையும். வோல்ரஸ் பனிக்கடலில் கிடக்கும் தொந்திப் பிராணி. வாயிலிருந்து இரண்டு தந்தம் கீழே நீண்டிருக்கும். சிற்பத்தில் ஒரு தந்தம் ஆடியது. அதைக் கழற்றிப் பஞ்சில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கடையைத் துடைக்கப் போய்விட்டு மத்தியானம் திரும்பினால், வீடெல்லாம் நல்லெண்ணெய் வாசம். என் கணவரின் தாய், மாமி, அந்த மாரிக் குளிரில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். அவர் ஹோலில் கைகூப்பி இருந்தார். முன்னால் ஒரு தட்டில், தலையிலிருந்து எண்ணெய் வழிய, நெற்றியில் சந்தனப் பொட்டோடு வோல்ரஸ் வீற்றிருந்தது.

"மாமி! என்ன செய்தனீங்கள்?"

"ஏன் பிள்ளை கத்துறாய்? புதுப் பிள்ளையார் வந்தால் எண்ணெய்க் காப்புச் சாத்தாமல் விடுறதே?"

எங்கள் ஊர்க் கோயில்களில் கும்பாபிஷேகத்துக்கு முன் அடியார்கள் தங்கள் கையாலேயே விக்கிரகத்துக்கு எண்ணெய் பூசுவார்கள். மாமியின் கண்ணுக்கு எல்லாம் பொருந்தித்தான் இருந்தது. கறுத்த கல், தொந்தி, ஒற்றைத் தந்தம்.

"தும்பிக்கை எங்கை மாமி?"

"இந்தக் குளிருக்குள்ளை செய்தது. சுருங்கிப் போச்சுதாக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பறவையின் நினைவு வந்து திரும்பிப் பார்த்தேன். அதன் பெட்டி வைத்த இடத்தில் இல்லை.

"மற்றது எங்கை? அந்த வெள்ளை?"

"உது சவக்காலைக் கல்லெல்லோ! வீட்டுக்குள்ளை வைக்கலாமே? பெட்டியைத் திறந்து பாத்த உடனை மூடிப் பல்கனியிலை வைச்சிட்டன்."

மாமி ஊரில் வெள்ளை மாபிளைக் கண்டது கல்லறைகளில் மட்டும்தான். சாமி கறுப்புக் கல்லில்தான் இருக்கும். பல்கனிக்கு ஓடினேன். பெட்டியின் மேல் பனி படிந்திருந்தது. உள்ளே துவாய்த் துணிக்குள் பறவை ஒரு பொட்டுக் கறையில்லாமல் கிடந்தது. வட துருவத்திலிருந்து வந்ததுக்கு ரொறன்ரோக் குளிர் ஒரு குளிரா? அப்பாடா என்று பனிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கழற்றிய தந்தத்தையும் கொடுத்து முதலாளியம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். எத்தனை தரம் துடைத்தும் பெட்டியைத் திறந்ததும் கடை எங்கள் வீட்டுக் குசினியாக நல்லெண்ணெய் மணத்தது. மறைக்க வழியே இல்லை. அவர் வோல்ரசை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தார். செதுக்குகிறவர்களே இந்தக் கல்லுக்கு எண்ணெய் தேய்ப்பதுண்டு, இதற்கு ஒன்றும் ஆகாது என்றார். பறவையைக் கண்ட பிறகுதான் அவருக்கும் மூச்சு வந்தது. அந்த மாத முடிவில் என்னை நிரந்தரமாக்கினார்.

அன்று வீட்டுக்கு வந்து நான் சப்பாத்தைக் கழற்ற முன்னமே மாமி கேட்டார்.

"வேலை என்னமாதிரி?"

"நிரந்தரமாக்கிட்டினம் மாமி."

மாமி கண்ணை மூடிக் கும்பிட்டார். "பின்னை? நான் அதுக்குத்தானே எண்ணெய் வைச்சனான். நீ நித்திரையிலை டோனற், டோனற் எண்டு புலம்புறது எனக்குக் கேக்காதெண்டு நினைச்சியே?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அது பிள்ளையார் இல்லை என்று மாமியிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.