மல்லியின் கண்ணுக்கு எட்டிய தூரம்

கம்போங் ராஜா ஊரில் ஒரு காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது வசந்தாவின் கணவர் அழைத்தார். "அவ போயிட்டாம்மா. காலையில." நான் "சரிங்கண்ணே" என்றேன். மீதித் தக்காளியையும் பொறுக்கி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இந்த மலையில் இருக்கும் உங்களில் பலர் வசந்தாவைத் தேயிலைத் தொழிற்சாலையின் நிறுவை அறையில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து சிறுவர்களுக்கு ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருந்தது சிலருக்கே தெரியும். பனிமூட்டத்துக்குள் வாழும் ஒரு விலங்கைத் தேடிப் போகும் மல்லி என்ற ஒன்பது வயதுப் பிள்ளையின் கதை. நான் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தானா ராத்தா ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அவள் திருத்துவாள்.

முதலில் அந்த விலங்கின் மனத்துக்குள்ளும் புகுந்து எழுதியிருந்தேன். அது நல்லது, தனிமையில் வாடுவது என்று இரண்டாம் பக்கத்திலேயே சொல்லிவிட்டேன். வசந்தா அதைத் தன் மகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். "பயமே வரலம்மா, அது நல்லதுன்னுதான் சொல்லிட்டாங்களே," என்று பிள்ளை பாதியில் எழுந்து போய்விட்டதாம்.

மறுநாள் விடிந்ததும் பனி இறங்கிய தேயிலைக்குள் என்னை அழைத்துப் போனாள். "முட்டி போட்டு நில்லு லா. இதுதான் மல்லி உயரம்." நின்றேன். இரண்டு செடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எங்கோ எதுவோ சரசரத்தது. உண்மையிலேயே பயந்தேன். "அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அதுக்கு மேல நீ சொல்லாதே." முழுக் கதையையும் மல்லியின் கண் வழியாகவே திருப்பி எழுதினோம்.

ஒரே ஒரு முறை மீறினேன். எட்டாம் அத்தியாயத்தில், 'மல்லியின் அம்மாவுக்கு அந்த விலங்கைப் பற்றி எல்லாம் தெரியும். மகள் பயப்படுவாள் என்று மறைத்தாள்' என்று எழுதினேன். வசந்தா அந்த வரிகளை அடித்துவிட்டாள்.

"மல்லிக்குத் தெரியாததை நாம எப்படிச் சொல்றது?"

"எழுதறது நானா, நீயா?" என்று கேட்டுவிட்டேன்.

ஐந்து வாரம் அவள் வரவில்லை. கோபம் என்றே நினைத்தேன். அவள் ஈப்போ மருத்துவமனைக்குப் போய்வந்த வாரங்கள் அவை என்பது, அவள் கணவர் சொல்லி இப்போதுதான் தெரியும். திரும்பி வந்தவள் மெலிந்திருந்தாள். "மகளுக்குப் பரீட்சை லா," என்று சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்தைக் கேட்டாள். கொடுத்தேன். வேறு எதையும் விசாரிக்கவில்லை.

துக்க வீட்டில், கடைசி நாட்களில் அவள் மனத்தில் என்ன இருந்தது என்று என்னைப் பேசச் சொன்னார்கள். தெரியாது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். இன்னும் அழுகை வரவில்லை. கதையில் இரண்டு அத்தியாயம் பாக்கி.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு தயக்கம். இன்னொருவர் மனத்தில் இருப்பது எனக்குத் தெரியும் என்று நினைக்க இப்போது முடிவதில்லை. நேற்று அவள் கணவருக்குச் சோறு கொண்டுபோனேன். "எப்படி இருக்கீங்கண்ணே?" என்று கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.