நார்த்தங்காய் எதிர் வெள்ளரிக்காய்: லௌசிட்ஸில் ஒரு விசாரணை

ஆகஸ்ட் 17, ஞாயிறு. துபாயில் புறப்பட்டு, பெர்லின் வழியாக, ஜெர்மனியின் கிழக்கு மூலையிலுள்ள லௌசிட்ஸ் பகுதியை மாலையில் அடைந்தேன். முன்பதிவு: இருவருக்கு. வந்தவர்: ஒருவர். பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய், திறக்கப்படாதது. கசிவு இல்லை.

ஊறுகாய் போட்டவள் என் மனைவி. ஜனவரியில் காலமானாள். வேறு பாட்டில் இல்லை.

வழக்கு பழையது. ஷார்ஜா வீட்டில் ஒரு விடுமுறை நாளில் எதையோ படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். லௌசிட்ஸின் வெள்ளரிக்காய் ஊறுகாயின் பெயரை வேறு ஊரார் பயன்படுத்த முடியாதபடி ஐரோப்பியச் சட்டம் காக்கிறது என்பது செய்தி.

“ஊறுகாய்க்குச் சட்டப் பாதுகாப்பாம்! தன்மேலயே நம்பிக்கை இல்லாத ஊறுகாய் போல.”

நேரில் சென்று, தன் நார்த்தங்காயை அந்த ஊர்க்காரர் வாயில் வைத்து, தீர்ப்பு வாங்கிவருவதென்று முடிவு செய்தாள். நடுவராக நான் இருக்கிறேனே என்றேன்.

“நீங்க ஆகாது. நான் எதைப் போட்டாலும் நல்லாருக்குன்னு சொல்றவரு. சாட்சிக்குக்கூட லாயக்கில்ல.”

அபுதாபியிலிருக்கும் மகனிடம் பயணத்தைச் சொன்னபோது, “சுவிஸ் போங்கப்பா, பாரிஸ் போங்க. அங்க என்ன இருக்கு?” என்றான்.

“வெள்ளரிக்காய்,” என்றேன்.

இரத்த அழுத்த மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டான்.

லௌசிட்ஸில் வேறு சிலவும் இருந்தன. சோர்பியர் என்ற சிறு இனத்தார் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தம் ஸ்லாவிய மொழியோடு அங்கே வாழ்கிறார்கள். பெயர்ப்பலகைகள் இரு மொழிகளில். பேரப்பிள்ளைகளோ ஜெர்மனில்தான் பதில் சொல்கிறார்கள் என்று விடுதிக்காரர் குறைபட்டார். என் பேத்தி எந்த மொழியில் பதில் சொல்கிறாள் என்பதை நான் வெளியிடவில்லை. பிறர் துயரத்தோடு போட்டிக்கு இறங்குவது விருந்தினருக்கு அழகல்ல.

தெற்கே, பழுப்பு நிலக்கரிக்காக ஊர்களையே அகற்றித் தோண்டிய பள்ளங்கள் இப்போது ஏரிகள். புஜைராவின் எண்ணெய்க் கிடங்குகளில் பணிக்காலத்தைக் கழித்தவன் நான். பூமியிலிருந்து எடுத்த பிறகு மிஞ்சும் குழி என் துறையில் வராது. நீர் நிரம்பியும் சில கரைகளில் எச்சரிக்கைப் பலகை நிற்கிறது: மண் இன்னும் சரியக்கூடும்.

வடக்கே ஷ்ப்ரே ஆறு காட்டுக்குள் எண்ணற்ற கால்வாய்களாகப் பிரிகிறது. அங்கே கோடையில் தபாலும் படகில்தான் வருகிறது. நீண்ட கழியால் தட்டைப் படகைத் தள்ளிவந்த பெண்மணிக்கு ஏறக்குறைய என் வயது. இருவருக்கான படகில் நான் பாட்டிலைப் பக்கத்து இருக்கையில் வைத்ததைப் பார்த்தார்.

“இது யார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“வாதி,” என்றேன். வழக்கை விளக்கினேன். அவர் உடனே படகை ஒரு மரத்தடியில் நிறுத்தி, கூடையிலிருந்து உள்ளூர் வெள்ளரிக்காயை எடுத்துவைத்தார். “பிரதிவாதி தயார்.”

இனி நான் திறந்தாக வேண்டும். மூடி இறுகியிருப்பதாகச் சொன்னேன். அவர் கத்தியை நீட்டினார். தேவைப்படவில்லை, மூடி இறுகியிருக்கவில்லை. பெருங்காய மணத்தோடு எங்கள் ஷார்ஜா சமையலறை படகில் ஏறியது. நான் சற்று நேரம் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளரிக்காய் நேர்மையானது, புளிப்பு, சதகுப்பைத் தழை வாசம், கடித்தால் ஓசை. நார்த்தங்காயை வாயிலிட்ட பெண்மணிக்குக் கண்ணில் நீர் வந்தது. தண்ணீர் குடித்தார். பிறகு இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினார்.

“சட்டம் எதற்கென்று இப்போதுதான் புரிகிறது,” என்றார். “பாதுகாப்பு எங்களுக்குத்தான் தேவை.”

எப்படிச் செய்வது என்றும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சாட்சிக்குக்கூட லாயக்கில்லாதவன் என்பது அத்துடன் உறுதியாயிற்று.

முடிக்காத வேலைகள்:

மதுரையிலுள்ள மைத்துனியிடம் செய்முறை கேட்டுத் தோற்ற தரப்புக்கு அனுப்புவது.

துபாய் தேரா கடைவீதியில் ஜெர்மன் சாக்லேட் வாங்கி, பயணத்தில் வாங்கியதென்று அடுத்த வீட்டாருக்குக் கொடுப்பது.

வென்றவளிடம் தீர்ப்பைச் சொல்வது.

பாட்டிலில் எஞ்சியதைச் சாப்பிடுவது.